சித்திரக்கதைக்கென ஒரு தட்டு: வன்னி வாசிகசாலைகளுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

வன்னியின் சனசமூக நிலைய வாசிகசாலைகளில் சித்திரக்கதை, அதாவது காமிக்ஸ், என்று ஏதேனும் இருந்தால், அது பெரும்பாலும் அலுமாரியின் அடித்தட்டில், வர்ணம் தீட்டும் கொப்பிகளோடும் அட்டை கிழிந்த பாலர் பாடல் நூல்களோடும் சேர்ந்து கிடக்கும். பதிவேட்டில் அதற்கு எதிரே "சிறுவர்" என்ற ஒரே சொல் எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு சொல் செய்யும் கேட்டைச் சில ஆண்டுகளாக ஒரு கிராமத்து வாசிகசாலையின் பொறுப்பைப் பார்த்துவருபவள் என்ற வகையில் நான் நன்கு அறிவேன். பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளை அந்தத் தட்டின் பக்கம் போக வெட்கப்படுகிறது, பெரியவர்கள் அதில் தமக்கும் ஏதேனும் இருக்கக்கூடும் என்று நினைப்பதே இல்லை, பிள்ளை ஒரு சித்திரக்கதையை இரவலாக எடுத்துச் சென்றால், "படம் பார்க்கவோ உன்னை வாசிகசாலைக்கு அனுப்பினது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்தத் தட்டை எவ்வாறு பிரித்து அடுக்குவது, எவற்றைத் தெரிவுசெய்வது, அவற்றை எவ்வாறு கூடியிருந்து வாசிப்பது, இறுதியில் எங்கள் பிள்ளைகளே எவ்வாறு ஒரு சித்திரக்கதையைச் செய்வது என்பவற்றை இங்கே எழுதுகிறேன். இதற்குப் பெரிய பணமோ ஓவியப் பயிற்சியோ தேவையில்லை.

முதலில் சொல்லைத் திருத்துங்கள்

சித்திரக்கதை என்பது ஓர் ஊடகம். அதற்குள் எந்த வகைக் கதையும் அடங்கும். எங்கள் ஊர்களில் இதனை விளக்குவதற்குக் கூத்தை விடச் சிறந்த உவமை எனக்குக் கிடைக்கவில்லை. அதே களரியில் கோவலன் கூத்தும் ஆடப்படுகிறது, அரசர் கதையும் ஆடப்படுகிறது, விவிலியக் கதையும் ஆடப்படுகிறது. அழவைக்கும் காட்சியும் சிரிக்கவைக்கும் கட்டியக்காரனும் ஒரே இரவில் வருகிறார்கள். கூத்து என்றாலே கோவலன் கதைதான் என்று எவரும் சொல்வதில்லை. அவ்வாறே காமிக்ஸ் என்றாலே இறுக்கமான உடையும் பறக்கும் மேலங்கியும் அணிந்த வீரன்தான் என்று எண்ணுவதற்கும் காரணம் இல்லை. ஆயினும் அப்படி எண்ணுபவர்களே அதிகம் என்பதால், இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லத் தெரிந்திருப்பது பொறுப்பாளருக்கு உதவும்.

அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டு சூப்பர்மேன் தோன்றிய பின்னர் அதிமானிட வீரர்கள் பெருகியது உண்மையே. ஆனால் இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அங்கு அதிகம் விற்றவற்றுள் காதல், குற்றம், திகில், மேற்கத்தியக் குதிரைவீரர் கதைகள் ஆகியவையும் இருந்தன. காதல் சித்திரக்கதை இதழுக்கு 1947இல் வழிதிறந்த ஜோ சைமன், ஜாக் கேர்பி ஆகிய இருவருமே அதற்கு முன்னர் கப்டன் அமெரிக்கா என்ற வீரனைப் படைத்தவர்கள் என்பதை நான் எப்போதும் எடுத்துச் சொல்வதுண்டு. ஒரே கை இரண்டு வகைகளையும் கீறியது. பின்னர் சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்ற அச்சம் எழுந்து, 1954இல் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு தணிக்கைக் கோவையை ஏற்படுத்திக்கொண்டார்கள். தலைப்பில் திகில் என்ற சொல்லைக்கூடப் பயன்படுத்த முடியாத நிலை வந்தது. குற்றக் கதைகளும் திகில் கதைகளும் அங்கே நலிந்தன. தணிக்கைக்கு இடறாத அதிமானிட வீரர்கள் வெற்றிடத்தை நிரப்பினார்கள். அக்காலத்தில் யப்பான், பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி ஆகிய நாடுகளில் வேறு வகைகள் செழித்து வளர்ந்துகொண்டிருந்தன. ஆகவே எங்கள் மனத்தில் பதிந்திருக்கும் படிமம் ஒரு நாட்டின் ஒரு காலப்பகுதியில் நேர்ந்த விபத்தின் விளைவு.

தமிழ் வாசகரின் கதையும் வேறுதான். சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் ஆகியவற்றை ஏதோ ஒரு வழியில் கையிற்பெற்று வாசித்த மூத்தவர்கள் எங்கள் ஊர்களில் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப்பாருங்கள். மின்சாரம் பாய்ந்ததும் உருக்குக் கை மட்டும் தெரிய உடல் மறைந்துபோகும் இரும்புக்கை மாயாவியைச் சொல்வார்கள்; இத்தாலியில் 1948இல் பிறந்த டெக்ஸ் வில்லரைச் சொல்வார்கள்; தன் நிழலை விட விரைவாகச் சுடும் லக்கி லூக்கைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதாவது துப்பறிதல், குதிரைவீரர் கதை, நகைச்சுவை ஆகியவற்றின் வழியாகவே தமிழர் பலர் இந்த ஊடகத்துக்குள் நுழைந்தார்கள். எங்கள் நாட்டிலேயே சிவஞானசுந்தரம் "சுந்தர்" என்ற பெயரில் 1960களிலிருந்து நடத்திய சிரித்திரன் இதழில் சவாரித்தம்பர் போன்ற பாத்திரங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழிலேயே வாழ்ந்தன. ஊர்ப்பேச்சைப் படத்தோடு சேர்த்து அச்சில் ஏற்றலாம் என்ற துணிவை அந்த இதழ் எங்களுக்குத் தந்தது என்பேன்.

தட்டை அடுக்குதல்

அடித்தட்டிலிருந்து சித்திரக்கதைகளை எடுத்து, கண் மட்டத்தில் உள்ள ஒரு தட்டுக்கு மாற்றுங்கள். பழைய அப்பியாசக் கொப்பிகளின் அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வகையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, நூல்களுக்கு இடையே செருகுங்கள். நூல் இல்லாத வகைக்கும் அட்டை வையுங்கள்; வெற்றிடத்தைக் கண்டவர்கள் அதை நிரப்ப நூல் கொண்டுவந்து தருவதை நான் கண்டிருக்கிறேன். வகைகள் எத்தனை என்பது உங்கள் விருப்பம். எனது தட்டில் இருப்பவற்றைச் சொல்கிறேன்.

நகைச்சுவைக்கு முன்னிடம் கொடுங்கள், ஏனெனில் தயங்கி நிற்கும் வாசகரை உள்ளே இழுப்பது அதுதான். பிரான்சில் 1959இல் கொசினி எழுத யுடெர்சோ கீறத் தொடங்கிய அஸ்ரெரிக்ஸ் ஆங்கிலப் பதிப்பாகக் கிடைத்தால் வாங்கலாம். மொழி முழுவதும் புரியாதவர்களும் படத்தின் முசுப்பாத்தியைப் பிடித்துக்கொள்கிறார்கள். புராணத்துக்கும் வரலாற்றுக்கும் அனந்த் பாய் 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதைகள் பலருக்கும் தெரிந்தவை. விளையாட்டு என்ற அட்டைக்குப் பின்னால் யப்பானியச் சித்திரக்கதைகளை வைக்கலாம். அங்கு கூடைப்பந்து, உதைபந்து என ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நீண்ட தொடர்கள் உள்ளன. கரப்பந்தாட்டத்தை மையமாகக் கொண்ட ஹைக்யூ என்ற தொடர் 2012 முதல் 2020 வரை 45 தொகுதிகளாக வந்தது. மாலையில் கரப்பந்து வலையைக் கட்டாத ஊர் வன்னியில் குறைவு. அந்த மைதானத்துப் பொடியன்களுக்கு இதன் இரண்டு பக்கங்களைக் காட்டினாலே போதும். சமையலையே கதையாக்கிய ஒய்ஷின்போ 1983இல் தொடங்கியது. மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற ஒசாமு தெசூகா, 1973இல் ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணரைக் கதைநாயகனாக்கி பிளாக் ஜாக் தொடரைத் தொடங்கினார்; அதே காலத்தில் புத்தரின் வாழ்க்கையையும் பல தொகுதிகளில் கீறிக்கொண்டிருந்தார். ஒரே மனிதரின் மேசையில் இரண்டும் பிறந்தன என்பதை எண்ணிப்பாருங்கள்.

அன்றாட வாழ்க்கை என்று ஓர் அட்டை கட்டாயம் வேண்டும். ஜிரோ தனிகுச்சியின் ஒரு நூலில் ஒரு மனிதர் தனது குடியிருப்பைச் சுற்றி நடக்கிறார்; மரத்தைப் பார்க்கிறார், மழையில் நனைகிறார்; அவ்வளவுதான் கதை. அதனை வாசித்து முடித்த பின்னர் எங்கள் குளக்கட்டில் நடப்பது எனக்கு வேறுவிதமாகத் தெரிந்தது.

சொற்களே இல்லாத நூல்களைத் தேடிப் பெறுங்கள். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஷோன் ரான் 2006இல் வெளியிட்ட நூல் ஒன்றில், குடும்பத்தைப் பிரிந்து மொழி தெரியாத நாட்டுக்குச் செல்லும் ஒருவரின் கதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லப்படுகிறது. அந்த நாட்டின் எழுத்துகளைக் கதைநாயகனால் வாசிக்க முடியாது. அவை புனையப்பட்ட எழுத்துகள் என்பதால் எங்களாலும் வாசிக்க முடியாது. ஆங்கிலம் அறியாத அம்மம்மாவும் தரம் 6 படிக்கும் பேரனும் ஒரே வாங்கில் இருந்து, சமமான வாசகர்களாக, பக்கம் புரட்டக்கூடிய நூல் அது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் நிறைந்த எங்கள் ஊர்களில் அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. புதிதாகத் தட்டு அமைப்பவர் ஒரே ஒரு நூலைத்தான் வாங்க முடியுமானால், நான் இதையே சொல்வேன்.

பாரமான நூல்களை எவ்வாறு கையாள்வது

தன்வரலாறு, சாட்சியம், இதழியல் ஆகிய வகைகளில்தான் இந்த ஊடகம் தனது முழு வலிமையையும் காட்டியிருக்கிறது என்பது எனது துணிபு. ஆர்ட் ஸ்பீகல்மன், நாசி வதைமுகாமில் உயிர்தப்பிய தன் தந்தையைப் பேட்டி கண்டு, யூதர்களை எலிகளாகவும் ஜேர்மனியர்களைப் பூனைகளாகவும் கீறிய "மவுஸ்" நூலுக்கு 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதுச் சிறுவனாக இருந்து உயிர்தப்பிய கெய்ஜி நகசாவா, தான் கண்டதை 1973 முதல் தொடராகக் கீறினார். ஈரானியப் புரட்சியைப் பத்து வயதுச் சிறுமியின் கண்களால் காட்டும் மர்ஜான் சத்ரபியின் "பெர்சிபோலிஸ்" 2000ஆம் ஆண்டிலிருந்து பிரெஞ்சு மொழியில் வந்து, தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. ஜோ சாக்கோ பாலஸ்தீனத்திலும் பொஸ்னியாவிலும் தங்கி, மக்களிடம் கேட்டறிந்த செய்திகளைச் சித்திரக்கதையாகவே வெளியிட்டார். செய்தியாளர் ஒருவர் கமராவுக்குப் பதில் பேனையைக் கொண்டுசென்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு அவை சான்று.

எங்கள் மண்ணைப் பற்றியும் அவ்வாறான ஒரு நூல் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளராக வன்னியில் இருந்து, 2008 செப்ரெம்பரில் அந்த அமைப்பு கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது தானும் வெளியேற நேர்ந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லின்ட்சி பொலொக் கீறிய அந்த நூல் "வன்னி" என்ற பெயரிலேயே 2019இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. உயிர்தப்பியவர்களின் சாட்சியங்களிலிருந்து புனையப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை அது.

இவ்வகை நூல்களைத் தட்டில் வைப்பதில் பொறுப்பாளருக்குச் சில கடமைகள் உள்ளன. வாசகம் கண்ணுக்குள் இறங்கச் சிறிது நேரம் எடுக்கும். படம் அவ்வாறு காத்திருப்பதில்லை. பக்கத்தைத் திறந்தவுடன் பதுங்குகுழியும் தறப்பாள் கொட்டிலும் தெரிந்துவிடும். ஆகவே நான் இவற்றைத் தரம் 10க்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கொடுப்பதில்லை. பெரியவர்களுக்கும் நூலின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுக்கிறேன். வாசிப்பு வட்டத்தில் இவற்றை எடுப்பதாயின், எழுந்து போவதற்கும் நூலை மூடுவதற்கும் எவரும் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். ஒரு தாய் ஐந்து பக்கங்களைப் பார்த்துவிட்டு, "பிறகு பாப்பம்" என்று சொல்லி நூலை மேசையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு மாதங்கள் கழித்து அவரே வந்து அதனைக் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டு சென்றார். இடையில் நான் அவரிடம் அதுபற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

கூடியிருந்து வாசித்தல்

சித்திரக்கதையை விரைவாகப் புரட்டி முடிப்பது எளிது என்பதால்தான் அதனை வாசிப்பாகவே பலர் கருதுவதில்லை. மெதுவாக வாசிக்கப் பழக்குவதற்கு நான் கையாளும் முறை இது. ஒரு பக்கத்தைத் தெரிவுசெய்து, பேச்சுக் குமிழிகளின் மேல் சிறு காகிதத் துண்டுகளை வைத்து மறைத்துவிடுங்கள். படங்களை மட்டும் பார்த்து, என்ன நடக்கிறது, யார் கோபமாக இருக்கிறார், நேரம் காலையா மாலையா என்று பிள்ளைகள் சொல்லட்டும். பின்னர் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தாம் ஊகித்ததும் எழுதப்பட்டிருப்பதும் எங்கே பொருந்துகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்க்கட்டும். படம் ஒன்று சொல்லச் சொல் வேறொன்று சொல்லும் இடங்களைக் கண்டுபிடித்தவர்களுக்கு இந்த ஊடகத்தின் பாதி இரகசியம் கைவந்துவிட்டது.

மீதிப் பாதி கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் இருக்கிறது. ஸ்கொட் மெக்ளவுட் என்ற சித்திரக்கதைக் கலைஞர், இந்த ஊடகத்தை விளக்குவதற்காகச் சித்திரக்கதையாகவே 1993இல் ஒரு நூலை வெளியிட்டு, அந்த இடைவெளியை நிரப்புபவர் வாசகரே என்று காட்டினார். இதனை விளக்க நான் கரும்பலகையில் இரண்டு கட்டங்களைக் கீறுவேன். முதற்கட்டத்தில் இரவு, வாழைத்தோட்டம், வேலிக்கு அப்பால் காட்டோரம் ஒரு கரிய மேடு. இரண்டாம் கட்டத்தில் விடியற்காலை, சரிந்து கிடக்கும் வாழைகள், தலையில் கைவைத்தபடி ஒருவர். தரம் 8 மாணவன் ஒருவன் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: "அக்கா, ஆனை வந்ததை நீங்கள் கீறேல்லை. ஆனா எனக்கு மரம் முறியிற சத்தம் கேக்குது." இந்த மண்ணில் வளரும் பிள்ளைக்கு அந்த இடைவெளியை நிரப்ப வேறு பாடம் தேவையில்லை.

உண்மையில் எங்கள் பிள்ளைகள் தொடர்படங்களை வாசிக்கத் தெரியாதவர்கள் அல்லர். மீள்குடியேற்றக் காலத்தில் பாடசாலைகளிலும் சந்திகளிலும் வைக்கப்பட்டிருந்த மிதிவெடி எச்சரிக்கைப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். அறியாத பொருளைக் காணுதல், தொடாதிருத்தல், வந்த வழியே திரும்புதல், பெரியவரிடம் சொல்லுதல் என்ற வரிசையை அவர்கள் படங்களாகத்தான் கற்றார்கள். சித்திரக்கதை விளையாட்டுப்பொருள் என்று சொல்லும் பெற்றோரிடம் நான் இதனை நினைவூட்டுகிறேன். அதற்குப் பிறகு எவரும் மறுத்துப் பேசியதில்லை.

யப்பானிய நூல்களைக் கொடுக்கும்போது அவற்றை வலமிருந்து இடமாக வாசிக்கவேண்டும் என்பதை உள்அட்டையில் ஓர் அம்புக்குறியிட்டு எழுதிவிடுங்கள். இதனைச் சொல்லாமல் விட்டதால் முடிவை முதலில் வாசித்துவிட்டு நூலைத் திருப்பித் தந்தவர்கள் உண்டு.

ஒரே மாடு, ஐந்து வகை

வகை வேறு, ஊடகம் வேறு என்பதை விளக்கங்களால் புரியவைப்பதை விட, கீறவைத்துப் புரியவைப்பது நிலைக்கும். இதற்கு ஒரே நிகழ்ச்சியை எல்லோருக்கும் கொடுங்கள்: "மாலையில் பட்டிக்கு ஒரு மாடு திரும்பவில்லை." மாடு தேடி அலையாத வீடு வன்னியில் அரிது என்பதால் எவரும் விடயம் தெரியாமல் விழிக்கமாட்டார்கள். பிள்ளைகளை ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தட்டில் உள்ள ஓர் அட்டையைக் கொடுங்கள்.

துப்பறியும் கதைக் குழு குளம்படித் தடத்தையும் வெட்டுப்பட்ட கயிற்றையும் சிறிய கட்டங்களில் மிக அண்மையாகக் கீறவேண்டும், மாட்டைக் காட்டக்கூடாது. நகைச்சுவைக் குழு தேடுபவரை முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்குப் பின்னால் மாட்டை நிறுத்தவேண்டும். வாசகருக்குத் தெரியும், தேடுபவருக்குத் தெரியாது. இந்த வேடிக்கையை வாயால் சொல்வது கடினம், படத்தில் ஒரு நொடியில் நிகழ்ந்துவிடும். திகில் குழு பக்கத்தைப் பெரும்பாலும் கறுப்பாக்கிவிட்டு, தூரத்தில் கேட்கும் மணியோசையையும் இரண்டு கண்களையும் மட்டும் வைக்கலாம். இதழியல் குழுவினர் நாற்காலியிலிருந்து எழும்பவேண்டும்: ஊரில் உண்மையாகவே மாடு தொலைத்த ஒருவரிடம் சென்று, என்று தொலைந்தது, எங்கே தேடினார், மேய்ச்சல் தரை முன்னர் எங்கே இருந்தது, இப்போது எங்கே உள்ளது என்று கேட்டு எழுதி, அவர் அனுமதித்தால் மட்டுமே அவரது முகத்தைக் கீறவேண்டும். அவர் சொல்லாத எதனையும் அவருடைய குமிழிக்குள் எழுதக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள்.

ஐந்தாவது குழுவுக்கு நினைவு என்ற அட்டை. வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரு மாட்டைப் பற்றிக் கேட்டுவரச் சொல்லுங்கள். இடம்பெயர்ந்தபோது கட்டவிழ்த்துவிட்டு வந்த மாடு பற்றிய கதைகள் தாமாகவே வந்துசேரும். அவற்றை எப்படிக் கீறுவது என்று நான் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரு பிள்ளை எட்டுக் கட்டங்களிலும் வெறும் கயிற்றை மட்டும் கீறி, கடைசிக் கட்டத்தில் மாட்டின் பெயரை எழுதியிருந்தாள்.

வரலாற்றில் ஆர்வமுள்ள மூத்த மாணவர்கள் இருந்தால், அவர்களுக்கு ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைக் கொடுங்கள். ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் ட்றிபேர்க் அவனைத் தோற்கடித்ததாகக் கற்சிலைமடுவின் நினைவுக்கல் கூறும் நாள் 1803 ஒக்டோபர் 31. அந்த ஒரு வரியைக் கீறத் தொடங்கினால், அக்காலத்துத் துவக்கு எப்படி இருந்தது, படைவீரர் எதை உடுத்தார்கள், அந்தக் காட்டில் பாலையும் வீரையும் எவ்வளவு அடர்ந்திருந்தன என்ற கேள்விகள் ஒவ்வொரு கட்டத்திலும் எழும். பாடநூலில் கடந்துபோன வரியைப் பேனை கடக்கவிடாது.

எட்டுப் பக்கப் புத்தகம் செய்தல்

ஓர் ஏ4 தாள், எச்பி பென்சில், கறுப்புப் பேனை, அடிமட்டம், கத்தரிக்கோல் ஆகியவை போதும். தாளை நீளவாக்கில் ஒருமுறையும் அகலவாக்கில் இருமுறையும் மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். நடுவிலுள்ள நீள மடிப்பில், இரு ஓரக் கட்டங்களையும் விட்டுவிட்டு, நடுப்பகுதியை மட்டும் வெட்டுங்கள். பின்னர் தாளை நீளவாக்கில் மடித்து, இரு நுனிகளையும் உள்நோக்கித் தள்ளினால் வெட்டிய இடம் விரிந்து, சிலுவைபோல் நின்று, எட்டுப் பக்கப் புத்தகமாக மடியும். மடித்த நிலையிலேயே பக்கங்களுக்குப் பென்சிலால் எண்ணிட்டுவிட்டுத் தாளை மறுபடி விரியுங்கள். நான்கு பக்கங்கள் தலைகீழாக இருப்பதைக் காண்பீர்கள். அவற்றைக் கீறும்போது தாளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டுமே கீறப்படுவதால் ஒரே போட்டோக்கொப்பியில் முழுப் புத்தகமும் வந்துவிடும்.

ஒரு பக்கத்தின் அளவு ஏறத்தாழ 74 மில்லிமீற்றர் அகலமும் 105 மில்லிமீற்றர் உயரமும் மட்டுமே. அதில் இரண்டு கட்டங்களுக்கு மேல் வைத்தால் நெரிசலாகும். ஓரத்தில் 5 மில்லிமீற்றர் வெறுமையாக விடுங்கள். கொப்பி எடுக்கும் இயந்திரம் விளிம்பை விழுங்கிவிடும். பென்சில் கோடுகள் கொப்பியில் மங்கிப்போகும் என்பதால் இறுதிக் கோடுகள் அனைத்தும் கறுப்புப் பேனையால் இருக்கவேண்டும்.

இனிச் சொல்வது தமிழில் கீறுபவர்களுக்கு மிக முக்கியமானது. குமிழியை முதலில் கீறிவிட்டுச் சொற்களை அதற்குள் திணிக்கவே கூடாது. "போய்க்கொண்டிருக்கிறார்கள்" என்ற ஒரே சொல் பக்கத்தின் பாதியைப் பிடித்துக்கொள்ளும். அதை இரண்டாக உடைத்தால் வாசிப்பவர் தடுமாறுவார். சொற்களை முதலில் பென்சிலால் எழுதி, அவற்றைச் சுற்றிக் குமிழியைக் கீறி, எஞ்சிய இடத்தில் ஆட்களை அமையுங்கள். முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்தினால் உரையாடலின் ஒழுங்கு குழம்பாது. குமிழிக்குள் பேச்சுத்தமிழே வரட்டும். பட்டியடியில் நிற்கும் அப்பப்பா "நீ எங்கே செல்கிறாய்?" என்று கேட்கமாட்டார், "எங்கையடா போறாய்?" என்றுதான் கேட்பார். கட்டத்தின் மேலே வரும் விவரிப்பு வாசகத்தை எழுத்துத்தமிழில் வைத்தால், கதைசொல்லியின் குரலும் பாத்திரங்களின் குரலும் தாமாகவே பிரிந்து கேட்கும்.

ஓசைகளுக்கு ஆங்கில நூல்களில் கண்டவற்றைப் பிரதிபண்ணவேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. வாய்க்காலுக்குச் சலசல, காய்ந்த பனையோலைக்குச் சரசர, முறியும் கிளைக்கு மடமட, பல்லைக் கடிப்பவருக்கு நறநற என்று தமிழ் இரட்டைக்கிளவிகளை ஏராளமாகச் சேர்த்துவைத்திருக்கிறது. அவற்றை ஓசையின் அளவுக்கேற்பப் பெரிதாகவும் சிறிதாகவும், நேராகவும் வளைவாகவும் எழுதச் சொல்லுங்கள். எழுத்தே அங்கே படமாகிவிடும்.

முகம் கீற வரவில்லை என்று சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். வட்டமும் இரண்டு புள்ளிகளும் ஒரு கோடும் போதும் என்று சொல்லி, அதே முகம் எல்லாக் கட்டங்களிலும் ஒரேமாதிரி வரும்படி ஓர் அடையாளத்தை மட்டும் தெரிவுசெய்யச் சொல்லுங்கள்: ஒருவருக்குத் தொப்பி, ஒருவருக்கு இரட்டைப் பின்னல், ஒருவருக்குத் தோளில் துவாய்.

ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாக இருப்பதால், ஓகஸ்ற் விடுமுறையில் இந்த வேலையைத் தொடங்கினால் காட்சிக்கு வைப்பதற்குப் போதிய நூல்கள் சேர்ந்துவிடும். காட்சி முடிந்த பின்னர் அவற்றைக் கட்டிப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். மற்ற நூல்களுக்குச் செய்வது போலவே வாசிகசாலையின் முத்திரையைக் குத்தி, சேர்விலக்கம் இட்டு, இரவல் அட்டையையும் ஒட்டுங்கள். பதிவேட்டில் வகை என்ற நிரலை நிரப்பும்போது மட்டும் பேனையைச் சற்று நிறுத்தி, தொலைந்த அந்த மாட்டை எந்த அட்டைக்குப் பின்னால் வைப்பது என்று கீறிய பிள்ளையிடமே கேட்டு, அவர் சொல்வதையே எழுதுங்கள்.